காலராக் கடிதங்கள் சேர்த்த அக்காவுக்கு

என் தங்கமான அக்கா,

உன் தங்கச்சி கமலா எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்துக்கு எந்தத் தபால்காரர் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடுகிறேன். அவர்களும் படிக்கட்டும், நீயும் கேட்டுக்கொள்.

எழுத உட்கார்ந்ததும் பழைய கேள்வி ஒன்றுதான் முதலில் வருகிறது. ஏழாம் வகுப்பில் தபால்தலை பிறந்த கதையை நடத்திக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், ஸ்டாம்பே இல்லாத காலத்துலயும் கடுதாசி போச்சுன்னு சொன்னீங்க. அப்ப காசு யாரு குடுத்தா? போட்டவங்களா, வாங்குனவங்களா?” என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் நேரே உன் வீட்டுக்கு வந்தேன்.

நீ அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாய். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தாய். உறை கிடையாது, தபால்தலை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து மூடி, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதியிருந்தது. விலாசத்தின் மேல் பேனாவால் ஓர் எண் கிறுக்கியிருந்தது. “இதான் கூலி. பெரும்பாலும் வாங்குறவங்கதான்டி குடுக்கணும். குடுக்க முடியாதவங்க வெளிப்பக்கத்தை மட்டும் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க. அதுக்காகவே சில பேரு வெளிப்பக்கத்துல ஒரு கோடோ புள்ளியோ வச்சு விட்ருவாங்களாம், நான் நல்லாருக்கேன்னு” என்றாய்.

மறுநாள் வகுப்பில் அதை மிஸ்டு கால் என்று சொல்லி விளக்கினேன். எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் சேதி. வகுப்பு மொத்தமும் புரிந்துகொண்டு சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன விடை உன்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. இப்போது எங்கே இருக்கிறாளோ?

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இத்தாலி எதற்கு என்று எல்லாரும் உன்னைக் கேட்பார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்வாய். எனக்குச் சொன்னதுதான் நிஜம் என்று வைத்திருக்கிறேன். நீ முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இத்தாலியக் கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தார். அவருடைய அம்மா போடும் கடிதங்களின் மூலையை வெட்டி உன் கையில் கொடுப்பார். அந்தத் தபால்தலையில் தலைமேல் கோபுரங்களையே கிரீடமாக வைத்த ஒரு பெண் இருந்தாள். “கோபுரத்தைத் தலையில வச்சிருக்கா. நம்ம ஊருப் பிள்ளை மாதிரி இருக்கா இல்ல?” என்று நீ என்னிடம் காட்டியது நேற்றுப் போல் இருக்கிறது. அவ்வளவுதான் காரணம்.

அதற்குப் பிறகுதான் நீ பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாய். இத்தாலி ஒரே நாடாக ஆவதற்கு முன்னால் துண்டு துண்டாக இருந்த காலத்துக்கு. ஒரு சீமைக்குச் சிங்கம், ஒன்றுக்குக் கழுகு, போப்பாண்டவர் ஆண்ட பகுதிக்குக் குறுக்காக வைத்த இரண்டு சாவிகள். ஒவ்வொன்றும் தனித் தபால்தலை. நான் பாடத்தில் நாற்பது தடவை நடத்தினாலும் பிள்ளைகள் மனதில் ஏறாத இத்தாலிய ஒருங்கிணைப்பு, உன் ஆல்பத்தின் சில பக்கங்களைப் புரட்டினால் தானாக ஏறிவிடும். சிங்கம் காணாமல் போகிறது, கழுகு காணாமல் போகிறது, கடைசியில் எல்லாப் பக்கத்திலும் ஒரே ராஜாவின் தலை.

சிசிலித் தீவின் தபால்தலையை நீ செல்லூர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோன நாள் ஞாபகம் இருக்கிறதா? படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செல்லூரில் விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கும் ரஹீம் பாயின் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாம்ப் சேர்க்கிறவர்கள் கூடுவார்கள். கீழே தறிச் சத்தம், மேலே நாங்கள். நான் எதையும் சேர்க்கிறவள் இல்லை. உனக்குத் துணைக்கு வருவேன், டீ குடிப்பேன்.

அன்றைக்கு நீ சொன்னாய், அந்தத் தபால்தலையில் ராஜாவின் முகம் இருக்கிறது, முத்திரை குத்தினால் முகத்தில் மை படுமே என்று பயந்து, முகத்தைச் சுற்றி வேலி மாதிரி விழுகிற ஒரு தனி முத்திரையையே செய்துவிட்டார்கள் என்று. பாய் லென்ஸை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். “இதுல என்ன சிஸ்டர் அதிசயம். நம்ம ஊருல தலைவர் மூஞ்சி மேல எவனாச்சும் போஸ்டர ஒட்டிட்டு வீடு போய்ச் சேருவானா?” என்றார். கீழே தறிக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு மாடி சிரித்தது.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊர் முழுக்க உன்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. வாங்கிச் சேர்க்கிற வசதி உனக்கு எப்போதும் இருந்ததில்லை. நீ மாற்றிக்கொள்வாய். நம் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் போன பழைய உறைகளில் ‘பிரிண்டிசி வழி’ என்று எழுதியிருக்கும். கப்பலில் போய், இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்தில் இறங்கி, ரயில் ஏறி வடக்கே போன கடிதங்கள். அவற்றைத் தேடிப் பிடித்து இத்தாலியில் இருக்கும் சேகரிப்பாளர்களுக்கு அனுப்புவாய். பதிலுக்கு அவர்கள் ஊர்ப் பழைய கடிதம் வரும். மதுரையைக் கொடுத்துவிட்டு இத்தாலியை வாங்குகிறீர்களே என்று பாய் குறைபட்டுக்கொள்வார். கடுதாசி என்றால் போக வேண்டியதுதானே பாய் என்பாய்.

அப்படி வந்ததில்தான் காலராக் கடிதங்களும் வந்தன.

படிக்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கொள்ளை நோய் ஒரு துறைமுகத்துக்கு வந்தால், அங்கிருந்து வரும் கடிதத்தைத் தொடவே பயப்படுவார்கள். காகிதத்திலும் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்பினார்கள். நீண்ட இடுக்கியால் கடிதத்தைப் பிடித்து, மடித்தபடியே உளியால் கீறல் போட்டு, கந்தகப் புகையில் காட்டுவார்கள், இல்லாவிட்டால் வினிகர் தெளிப்பார்கள். கீறல் வழியாகப் புகை உள்ளே போகும். பிறகு சுத்தம் என்று ஒரு முத்திரை. சிலவற்றில் வெளிப்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, ‘வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு’ என்று இத்தாலிய மொழியில் ஒளிவுமறைவு இல்லாமல் குத்திவிடுவார்களாம். கொரோனா நேரத்தில் கூரியர் பொட்டலங்களை நாமெல்லாம் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோமே, அந்த மாதிரிதான். அப்போது நம் சொந்தக்காரர் ஒருத்தர் வாசலில் கை கழுவிவிட்டு உள்ளே வந்து ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டுப் போனதும், “வெளியே சுத்தம்” என்று என் காதில் சொன்னாய். நான் சிரித்துச் சிரித்து முகக்கவசம் நழுவிவிட்டது.

தொற்று நோய் வார்டில் வேலை பார்த்தவள் நீ. அதனால்தான் மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கீறல் விழுந்த தாள்கள் உனக்குப் பெரிதாக இருந்தன. ஒரு தடவை சொன்னாய்: “பயந்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க கமலா. ஆனா ஒரு கடுதாசியைக்கூட எரிக்கலையே. கீறி, பொகை போட்டு, கொண்டு போய்ச் சேத்துட்டாங்க.”  

சரி, இப்போது நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

உன் வருஷத் திதி முடிந்துவிட்டது. உன் ஆனையூர் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. உன் சாமான்களை எல்லாம் பாண்டி கே.கே. நகர் வீட்டுக்குக் கொண்டுபோனான். உன் மகன் உன்னைப் போல அதிகம் பேசுகிறவன் இல்லை. எல்லாவற்றையும் அடுக்கி, துடைத்து வைத்தது தேன்மொழிதான். நல்ல மருமகள் கிடைத்தாள் என்று நீ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாயா, மனதோடு வைத்துக்கொண்டாயா?

நீ கடைசியாகப் பெயர் கொடுத்திருந்த கண்காட்சி நடக்கும் முன்பே நீ போய்விட்டாய். செல்லூர்க் கூட்டத்தார் இந்த வருஷம் தாள்களை மாட்டிவைக்கும் சட்டகம் ஒன்றை உனக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். காலராக் காலத்து இத்தாலியக் கடிதங்கள் என்று நீ கொடுத்த தலைப்பையும் மாற்றவில்லை. தாள்களை எடுத்து ஒழுங்கு பண்ணிக் கொடுக்கும் வேலை என்னுடையது என்று ரஹீம் பாய் சொல்லிவிட்டார். நானும் ஒரு சாயங்காலம் கே.கே. நகருக்குப் போனேன்.

தேன்மொழி வேலை பார்க்கும் கிளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காப்பி கொடுத்துவிட்டு, உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன் சின்னத்தை. குட்டியானை வண்டியில ஏத்தி எறக்குனதுல அம்புட்டும் கிழிஞ்சு போயிருந்துச்சு. யாருக்கும் தெரியாம ஒக்காந்து ஒவ்வொண்ணா ஒட்டிட்டேன். இனிமே கண்காட்சியில வச்சா அத்தைக்குக் கௌரவமா இருக்கும்.”

நான் ஒரு தாளை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். கீறல் இருந்த இடமெல்லாம் பளபளவென்று டேப். கோணல் இல்லை, சுருக்கம் இல்லை. அளவெடுத்து வெட்டி ஒட்டியிருந்தாள். அடுத்த தாள், அதற்கு அடுத்தது. எல்லாம் அப்படித்தான்.

கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, முத்து முத்தான கையெழுத்தில் பக்கம் பக்கமாக விடை எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன் அக்கா. அந்தத் தாளில் சுழி போடக் கை எழவே எழாது. அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சொல்லாமல் விட்டால், கண்காட்சியில் யாரோ ஒருத்தர் அவளிடம் சொல்வார். நாலு பேர் நடுவில், சிரித்துக்கொண்டே சொல்வார். அதை நினைத்ததும் நானே சொல்வது நல்லது என்று தோன்றியது.

அன்றைய பேப்பரில் ஒரு தாளை உருவி, கடிதம் மாதிரி மடித்து, அவள் கையில் கொடுத்தேன். காய் நறுக்குகிற கத்தியால் அதில் ஒரு கீறல் போடச் சொன்னேன். போட்டாள். பிரிக்கச் சொன்னேன். பிரித்தால் ஒரே அளவில், ஒரே வரிசையில், தாள் முழுக்கக் கீறல்கள். தேன்மொழி அந்தப் பேப்பரையும் உன் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இது கிழிஞ்சது இல்லையா?”

“இல்லம்மா. வெட்டுனது. பொகை போறதுக்காக, அப்பவே வெட்டுனது” என்றேன். காலரா, இடுக்கி, கந்தகம் எல்லாம் சொன்னேன். அந்தக் கீறல்களுக்காகத்தான் நீ அவற்றைச் சேர்த்தாய் என்பதையும் சொன்னேன். அவள் தாள்களை அடுக்கி, பெட்டியை மூடி, உள்ளே கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு சமையலறைக்குள் போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாண்டி போன் பண்ணினான். தேன்மொழி சரியாகச் சாப்பிடவில்லை என்றான். கண்காட்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்கிறாள் என்றான். வெளியூர் ஸ்டாம்ப் வியாபாரி ஒருத்தர் உன் சேகரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு முன்பே இரண்டு மூன்று தடவை பேசியிருக்கிறார். பெட்டியை அவரிடம் கொடுத்துவிடலாம், விஷயம் தெரிந்தவர் கையில் போய்ச் சேரட்டும், என் கையில் இருந்தால் இன்னும் என்னத்தைக் கெடுப்பேனோ என்று அழுதாளாம்.

அந்த வியாபாரியைப் பற்றி எனக்குத் தெரியும். தபால்தலை ஒட்டியதைத் தனியாக எடுத்துக்கொள்வார். ஒட்டாத பழைய தாள்களை ஆளுக்கு ஒன்றாகத் தள்ளிவிடுவார். நீ வாழ்நாள் முழுக்கச் சேர்த்து அடுக்கியது ஒரே வாரத்தில் ஊர் ஊராகச் சிதறிவிடும்.

“எனக்கு ரெண்டும் வேணும் சின்னம்மா” என்றான் பாண்டி. “அம்மா ஆசைப்பட்டதும் நடக்கணும். அவளும் நல்லாருக்கணும். எதையாச்சும் செய்ங்க.”

செல்லூருக்குப் போனேன். ரஹீம் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப் என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தவர், ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் அந்தத் தாள்கள் உயிர். நீ ஒவ்வொன்றையும் முதலில் காட்டியது அவரிடம்தானே. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“முதல்ல அந்தப் பிள்ளையப் பாப்போம் டீச்சரம்மா. காயிதம் எங்கயும் ஓடிறாது” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேரே கே.கே. நகருக்கு வந்தார். நானும் போயிருந்தேன். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு கடிதம். தேன்மொழி வாசல் பக்கமே வரவில்லை. பாண்டி போய்க் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தான். பாய் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. கடிதத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதப் பாரும்மா. நம்மகிட்ட ரொம்ப வருசமா இருக்கு. இந்தா, இங்க, கீறலுக்குப் பின்னாடி.”

கீறலின் பின்புறம் மெல்லிய காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. பழுத்த நிறம். ஓரங்கள் சீராக வெட்டி, கஞ்சிப் பசை மாதிரி ஏதோ தடவி, பதமாக ஒட்டியிருந்தது.

“யாரு ஒட்டுனது?” என்றாள் தேன்மொழி.

“யாருக்குத் தெரியும். இத்தாலியில ஏதோ ஒரு வீட்டுல. கிழிஞ்சு கெடக்கேன்னு பாத்துப் பாத்து ஒட்டிருக்காங்க. ஒனக்கு முன்னாடியே அங்க ஒரு மருமக இருந்திருக்காம்மா.”

தேன்மொழிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: “அவங்க மாமியா ஏசிருப்பாங்களா பாய்?”

“ஒங்க அத்தையா இருந்தா ஏசிருக்காது” என்றார் பாய்.

“எங்கம்மாவா?” என்றான் பாண்டி. “நல்லா ஏசிருக்கும் பாய். ஏசி முடிச்சிட்டு, சாப்பிட்டியாடின்னு கேட்டு முறுகலா ஒரு தோசை ஊத்திக் குடுத்திருக்கும்.”

உண்மைதானே அக்கா? அன்றைக்கு அந்த வீட்டில் உன்னை எல்லாரும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். பூட்டிய அலமாரி திறந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பொறுமையான வேலை. கல்லூரி நூலகம் ஒன்றில் பழைய ஓலைகளையும் காகிதங்களையும் செப்பனிடும் அம்மா ஒருவரைப் பாய் விசாரித்துக் கண்டுபிடித்தார். தேன்மொழி லீவு போட்டுவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். அந்த அம்மா ஒரு மெல்லிய தகட்டை லேசாகச் சூடு காட்டி, டேப்பின் ஓரத்தில் நுழைத்து, நத்தை நகர்வது போல் நகர்த்தினார். அவசரப்பட்டால் காகிதத்தின் தோலும் கூடவே வந்துவிடும் என்றார். தேன்மொழி பக்கத்திலேயே நின்றாள். ஒட்டி ரொம்ப நாள் ஆகாததால் பெரும்பாலான தாள்கள் தப்பித்தன. ஒன்றிரண்டில் மட்டும் நிழல் மாதிரி ஒரு தடம். வெளிச்சத்தில் பிடித்தால் உன் கீறல்கள் மறுபடி கண் திறந்திருந்தன.

கடைசியாக எடுத்தது லிவோர்னோ துறைமுகத்து வியாபாரி ஒருவர் எழுதிய கடிதம். உனக்கு ரொம்பப் பிடித்தது. இத்தாலிய நண்பரிடம் படித்துச் சொல்லச் சொல்லி அர்த்தம் தெரிந்துகொண்டாயே, அது. நோயால் துறைமுகம் மூடிக் கிடக்கிறது, எலுமிச்சைகள் அழுகுகின்றன, வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அங்கே எப்படி என்று கேட்கும் கடிதம். அதில் ஒரு கீறல், ‘உயிரோடு’ என்ற சொல் இருக்கும் வரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த அம்மா டேப்பை ஒரு நூல் அளவு தூக்கினார். மையும் கூடவே எழும்பியது. கையை நிறுத்திவிட்டார்.

டேப்பை எடுக்கலாம், ஆனால் அந்த வரியில் கொஞ்சம் போகும் என்றார். என்ன செய்யட்டும் என்று எங்களைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் தேன்மொழியைப் பார்த்தார்.

அந்த நேரம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும் அக்கா. டேப் போய்விட்டால் அவள் செய்தது யாருக்கும் தெரியாது. எழுத்தில் கொஞ்சம் போனது பழைய காகிதத்தின் சேதம் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். டேப் இருந்தால் பார்க்கிற கண்ணுக்கெல்லாம் அது தெரியும்.

“எழுத்துப் போக வேணாம் மேடம். டேப்பு இருக்கட்டும்” என்றாள் உன் மருமகள்.

வரும் வழியில் ஆட்டோவில் நான்தான் மெதுவாகச் சொன்னேன், அந்த ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், மற்றதைக் கண்காட்சியில் வைப்போம் என்று. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அத்தை அதை விட்டுட்டு மத்ததை வச்சிருக்குமா சின்னத்தை?” என்றாள். 

ஒவ்வொரு தாளுக்கும் கீழே விளக்கம் எழுத வேண்டும் இல்லையா. பாதி நீயே எழுதி வைத்திருந்தாய். மீதியை நான் எழுதினேன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த வழியாக, எந்த முத்திரை, எவ்வளவு கூலி என்று. லிவோர்னோக் கடிதத்துக்கு மட்டும் தேன்மொழி தானே எழுதுவதாகச் சொன்னாள். எழுதி, கிழித்து, மறுபடி எழுதிக் கொண்டுவந்தாள். ஒரு எழுத்துகூட நான் திருத்தவில்லை. அப்படியே இங்கே எழுதுகிறேன், கேள்:

“இதிலுள்ள கீறல்கள் காலராக் காலத்தில் புகை போடுவதற்காக வெட்டப்பட்டவை. அவற்றின் மேல் உள்ள டேப் மதுரையில் ஒட்டப்பட்டது. கிழிந்துவிட்டது என்று நினைத்து நான் ஒட்டினேன். எடுத்தால் எழுத்து அழியும் என்பதால் எடுக்கவில்லை. தேன்மொழி, சேகரித்தவரின் மருமகள்.”

கண்காட்சி ஆனையூர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பரிசு கிடைத்ததா என்று கேட்பாய். இல்லை. வெளியூரிலிருந்து வந்த நடுவர், டேப் ஒட்டிய தாளை வைத்ததற்கு மதிப்பெண் குறைத்தாக வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, அந்த விளக்கத்தை இரண்டாவது தடவை படித்தார். படித்துவிட்டுத் தேன்மொழியைத் தேடிப் போய் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பேசியது முழுக்க அவள்தான். பிள்ளைகள் வந்தால் பேப்பரை மடித்து, கீறி, பிரித்துக் காட்டினாள். பெரியவர்கள் வந்தால் இடுக்கியையும் கந்தகத்தையும் சொன்னாள். “வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு முத்திரை எங்கம்மா இருக்கு?” என்று ஒருத்தர் கேட்டதற்கு, “அது எங்க அத்தைக்குக் கிடைக்கவே இல்ல சார், தேடிக்கிட்டே இருந்தாங்க. நாங்க தேடுறோம்” என்றாள். நாங்கள் என்று அவள் சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் போல, நம் வயதில் ஒரு அம்மா வந்தார். லிவோர்னோக் கடிதத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவருடைய அப்பா ரங்கூனிலிருந்து போட்ட கடிதங்கள் ஒரு கட்டு வீட்டில் இருக்கிறதாம். பேத்திக்காக ஸ்டாம்பை எல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கலாம் என்று முந்தின நாள்தான் பேசினார்களாம். “ஊறப்போடலையே?” என்று தேன்மொழி கேட்ட வேகத்தில் அந்த அம்மா பயந்துபோனார். இல்லை என்றதும் இவள் அவர் கையையே பிடித்துக்கொண்டாள். “போடாதீங்கம்மா. அப்படியே கொண்டாங்க. எந்தக் கப்பல்ல, எந்த ஊரு வழியா வந்துச்சுன்னு அதுலயே இருக்கும். சேந்து பாப்போம்.” அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கட்டோடு செல்லூர் மாடிக்கு வந்துவிட்டார்.

வியாபாரிக்குப் பாண்டி போன் பண்ணி, பெட்டி வீட்டிலேயே இருக்கப்போகிறது என்று சொல்லிவிட்டான்.

அக்கா, உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். உன் பெட்டி பிரியாது. லிவோர்னோக் கடிதத்தின் மேல் இருக்கும் டேப்பை நானும் எனக்குப் பின் வருகிறவர்களும் வெட்கப்பட்டு உரிக்க மாட்டோம். அந்தக் கடிதம் எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் ஒரு தடம் வாங்கிக்கொண்டது. கடைசித் தடம் கே.கே. நகரில் உன் மகன் வீட்டில் விழுந்தது. அதுவும் இருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் பழைய கடிதம் ஏதாவது இருந்தால், ஸ்டாம்பைப் பிரிக்காமல், உறையைத் திருப்பி, பின்பக்கத்து முத்திரைகளை வெளிச்சத்தில் வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

உன் கூடப் பிறந்தவள்,
தேன்மொழிக்குச் சின்னத்தை,
கமலா